எக்ஸ்ரே அக்காவின் கடைசிப் பரீட்சை

எங்கள் தையல் ஆலையின் பெண்கள் வாசலில் நின்று, ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையையும் உடம்பையும் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. முகத்துக்கு நேரே எல்லாரும் "அக்கா" என்போம். முதுகு திரும்பியதும் "எக்ஸ்ரே". தன் கண்ணில் படாமல் ஒரு பட்டன்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள். தாண்டியிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒருமுறை வாயை விட்டேன். அன்றிலிருந்து என் சாப்பாட்டு டப்பாவை மட்டும் இரண்டு தடவை திறக்கச் சொன்னாள்.

நான் அதே ஆலையில் காலர் தைக்கிறவள். குடியிருப்பதும் அவளுக்கு அடுத்த வீட்டில்தான். மாடியில் ஒரே நடைபாதை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். வேலையிலும் அவள் கண், வீட்டிலும் அவள் கண் என்று பல வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறேன். நான் துணி காயப்போட்டால் எண்ணிப் பார்ப்பாள். என் வீட்டில் குழம்பு வாசனை வந்தால், யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாய் என்பாள். சிரிக்காவிட்டால் என்னத்தை மறைக்கிறாய் என்பாள். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. வண்டி வழியில் நின்றுவிட்டது என்று அவர் சொன்னால், எந்த இடத்தில் நின்றது, எதிரே என்ன கடை இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு வைப்பாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசல் தெரிகிற மாதிரிதான் உட்காருவாள். பல் டாக்டரிடம் போனபோதுகூட நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னவள்.

சென்ற வருஷம் ஆலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு வாசலுக்கும் ஸ்கேனிங் இயந்திரம் வரப்போகிறது. பெண்கள் வாசலில் திரைக்கு முன்னால் உட்கார ஒருத்தி போதும், அவள் பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். மற்ற சோதனைக்காரிகள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அக்கா எட்டாவதோடு நின்றவள். அவளுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். அம்மா வேலைக்குப் போனாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் கதை. ஆனால் அவளுடைய நாத்தனார், அதாவது வேன்காரரின் தங்கை, எங்கள் ஆலையிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். அவள் பத்தாவது முடித்தவள். அறிவிப்பு வந்த மறுநாளே தலைக்குக் குளித்து, துவைத்த உடுப்போடு மேனேஜர் அறை வாசலில் நின்றாள்.

"மெஷின் வர்றதுக்குள்ள நான் பத்தாவது முடிச்சாகணும்" என்றாள் அக்கா அன்று சாயங்காலம், என் வாசலில் நின்றுகொண்டு. "இல்லேன்னா நான் வீட்டுல உக்காந்து அவ பவுசைக் கேட்டுக்கிட்டே சாகணும்."

"இந்த வயசுல எந்தக்கா ஸ்கூல்ல சேத்துப்பாங்க?"

"ஆன்லைன்ல இருக்காம். வீட்டுல இருந்தே படிக்கலாமாம். நிச்சயமா ஏமாத்து வேலைதான். இருந்தாலும் பாத்துடுவோம்."

இப்படித்தான் அவள் படிக்கத் தொடங்கினாள். பள்ளியின் உதவி எண்ணுக்கு அழைத்து அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஆளா, மெஷினா?" என்பதுதான்.

"ஆள்தாங்க" என்றது ஒரு பெண் குரல்.

"அப்போ ஒரு தடவை இருமுங்க."

பாவம், அந்தப் பெண் இருமினாள். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "மெஷினுக்குக்கூட இருமச் சொல்லிக் குடுத்திருப்பானுங்க" என்றாள். ஆனாலும் சேர்ந்துவிட்டாள்.

தினமும் காலையில் அந்தப் பள்ளியிலிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வரும். 'உங்களால் முடியும்!' என்று எழுதி, பக்கத்தில் உதிக்கிற சூரியன் படம் போட்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும் ஒரு புன்னகையோடு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவள் அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்னால முடியும்னு இவனுக்கு யாரு சொன்னா? இவன் என்னைப் பாத்திருக்கானா?" இன்னொரு நாள் 'பாதியில் விட்டுவிடாதீர்கள்' என்று வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான், இந்த எழவை விட்டுத் தொலைக்கப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் கத்தியிருந்தாள். போன் ஒட்டுக்கேட்கிறது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து படிக்காத நேரத்தில் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

ஒன்றை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். வயதான பிறகு படிக்க உட்காருகிறவர்கள் ஆசையால் படிப்பார்கள், ரோஷத்தால் படிப்பார்கள். இவளுக்கு நாத்தனார்மேல் ரோஷம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த ரோஷம் ஒரு மாதம் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொருகும். இவளை எழுப்பி உட்கார வைத்தது சந்தேகம்தான். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கூட்டினால் எப்போதும் ஒரே அளவுதான் வரும் என்று திரையில் வாத்தியார் சொன்னார். "எப்பவுமாமே, எப்பவும்! இவன் எல்லா முக்கோணத்தையும் அளந்து பாத்தானாமா?" என்று எழுந்தாள். பழைய காலண்டர் தாளில் ஒரு முக்கோணம் வெட்டினாள், மூலைகளைக் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நேர்கோடாக நின்றது. வேண்டுமென்றே கோணலாக இன்னொன்று வெட்டினாள். ஊசி மாதிரி நீட்டமாக ஒன்று, சப்பையாக ஒன்று. வாத்தியாரை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று அந்த வருஷத்துக் காலண்டரையே தீர்த்தாள். கடைசியில் தரையில் இறைந்து கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு, "உண்மைதாண்டி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வியப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடுத்த பாடத்தில் என்ன புளுகுகிறான் பார்ப்போம் என்று அன்றே அதையும் திறந்துவிட்டாள்.

இப்படி ஒவ்வொரு பாடமாக நம்பாமல் நம்பாமல், நான்கு பரீட்சை எழுதித் தேறினாள். கணக்கு மட்டும் பாக்கி. அதற்குள் இயந்திரம் கப்பலேறிவிட்டது என்று ஆலையில் பேச்சு.

பரீட்சையும் ஆன்லைனில்தான். லேப்டாப்பின் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தனியாக இருக்க வேண்டும், பேசக் கூடாது, கணக்குப் போட ஒரு வெள்ளைத் தாள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் நான்கையும் அவள் தன் வீட்டில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு எழுதினாள். கணக்குப் பரீட்சை அன்று வேன்காரருக்கு வயிற்றுப்போக்கு. அந்த ஒற்றை அறை வீட்டில் அவர் போவதும் வருவதுமாக இருந்தார். அதனால் என் வீட்டு முன்னறையைக் கேட்டாள். என் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் உடைந்துபோய் வெகுநாளாகிறது, சும்மா சாத்தித்தான் வைக்க முடியும். சரிக்கா எழுதிக்கோ என்று, நான் சமையலறையில் சத்தம் போடாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்து வெளியே வந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு நன்றி சொன்னாள்.

மூன்று நாள் கழித்து என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போனை நீட்டினாள். 'உங்கள் தேர்வின்போது சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகள் பதிவாகியுள்ளன. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

"யாருடி சொன்னது?" என்றாள்.

"எதை?"

"நான் காப்பியடிச்சேன்னு எவளோ போட்டுக் குடுத்திருக்கா. உன் வீடு. நீதான் உள்ள இருந்தே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வீட்டையும் குடுத்து, மூச்சு விடாம உக்காந்திருந்து, எனக்கு இது தேவையா? நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள். என் கண்ணை, கையை, என் பின்னால் சமையலறையை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். வாசலில் நிற்கும்போது பார்க்கிற அதே பார்வை. என் வீட்டுக்குள்ளேயே வந்து என்னைச் சோதிக்கிறாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே போ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே போய்விட்டாள்.

அடுத்த சந்தேகம் நாத்தனார்மேல். பரீட்சை நேரத்தில் நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதாக இப்போது ஞாபகம் வந்ததாம். பிறகு வீட்டுக்காரர்மேல். பெண்டாட்டி படித்துவிட்டால் தன்னை மதிக்க மாட்டாள் என்று அவரே ஏதோ செய்திருப்பார் என்றாள். வயிற்றுப்போக்கு நிஜம்தானா என்று அவரிடமே கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனுஷர் வேனில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதில் எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் எங்களையெல்லாம் திருடிகளைப் போலத் தடவிப் பார்த்தவளை ஒருத்தன் சந்தேகப்பட்டுவிட்டான். ஆலையில் எங்கள் தையல் வரிசையில் நான் இதைச் சொன்னபோது மெஷின்கள் ஒரு நிமிஷம் நின்றே போயின. அத்தனை பேரும் அப்படிச் சிரித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து விசாரணைக்கு வீடியோ அழைப்பு வந்தது. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். என்மேல் சந்தேகம் தீரவில்லை, ஆனால் வேறு ஆள் இல்லை. திரையில் ஓர் இளைஞன் வந்தான். வந்ததும், "உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க தம்பி" என்றாள் அவள். அவன் குழம்பிப்போய்க் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"யாரு புகார் குடுத்தது? பேரைச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"யாருமே குடுக்கலைங்க மேடம். கேமராப் பதிவைப் பாத்து சிஸ்டமே எடுத்துக் குடுக்கும். நீங்களே பாருங்க, போடறேன்."

பதிவு ஓடத் தொடங்கியது. அதில் என் முன்னறை தெரிந்தது. ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறாள். சட்டென்று கண் பக்கவாட்டில் வாசல் பக்கம் போகிறது. திரும்பி எழுதுகிறாள். உதடு அசைகிறது. இடது கை மேசைக்குக் கீழே போகிறது, கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறது. மறுபடி கண் வாசலுக்குப் போகிறது. இந்தத் தடவை தலையும் திரும்புகிறது. நடைபாதையில் யாரோ போயிருக்க வேண்டும், அவள் பேனா அந்தரத்தில் நிற்கிறது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள். அவள் முகம் மாறியது. வாசலில் கூட்டம் வரும்போது அப்படித்தான் மாறும். அழுகிற பிள்ளை தாயைப் பார்த்ததும் மறப்பதுபோல, தன் கவலையெல்லாம் மறந்து அவள் வாசல் சோதனைக்காரியாகிவிட்டாள்.

"நிறுத்துங்க தம்பி. கொஞ்சம் பின்னாடி போங்க. ஆங், அங்கதான். அந்தக் கை எங்க போகுது பாருங்க. போன கை வரவே இல்ல பாத்தீங்களா? இப்போ கண்ணைப் பாருங்க. யாராவது வர்றாங்களான்னு பாக்கறா. நேர்மையா உக்காந்திருக்கிறவ எதுக்கு வாசலைப் பாக்கணும்?" அவள் விரல் திரையைத் தொட்டது. "இவகிட்ட என்னமோ இருக்கு."

இளைஞன் தொண்டையைச் செருமினான். "மேடம்... அது நீங்கதானே?"

"தெரியுது தம்பி" என்றாள்.

கை கீழே போனது முட்டி வலிக்கு. தேய்த்துவிட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது கூட்டல் கணக்குக்கு. வாசலைப் பார்த்தது பிழைப்பு கற்றுக்கொடுத்த புத்தி. இதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் ஒன்றையும் அவனிடம் சொல்லவில்லை. முடிவு எடுப்பது தன் கையில் இல்லை என்றும், வேண்டுமானால் இன்னொரு தடவை எழுதலாம், அப்போது முழு நேரமும் ஒரு ஆளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், கண் திரையை விட்டு நகரக் கூடாது என்றும் அவன் சொன்னான். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆலை வாசலில் நின்றது பழைய அக்கா அல்ல, வேறு ஒருத்தி மாதிரி. பைக்குள் கையை விடுவாள், சும்மா எடுப்பாள். ஒருத்தி முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கூட்டம் மளமளவென்று வெளியேறியது. எங்களுக்கு அது வசதிதான், ஆனால் நான் பழக்கத்தில் என் டப்பாவை இரண்டாம் தடவையும் திறந்து காட்டிவிட்டுத்தான் போனேன். சூப்பர்வைசர் வந்து, என்னம்மா தூங்குறியா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் அடுத்த பைக்குக் கையை நீட்டினாள். அரிசி டின்னில் போன் கிடந்தது கிடந்தபடியே இருந்தது. நாத்தனார் ஊரெல்லாம், "அண்ணிக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, நானே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுபரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பேர் குடுத்தாச்சா?"

"இல்ல. வேண்டாம் விடு."

"ஏனாம்?"

"அந்தப் பதிவைப் பாத்தேல்ல. நானா இருந்தா அவளைப் போகவே விட்டிருக்க மாட்டேன். என்னையே என்னால நம்ப முடியல, எவன் நம்புவான்? அவன் சந்தேகப்பட்டதுல என்ன தப்பு?" வெங்காயத் தோலைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "அந்த மாதிரிக் கண்ணைப் பாத்து எத்தனை பேரைத் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிருக்கேன் தெரியுமா?"

திரை என்றால் வாசலுக்குப் பக்கத்தில் தொங்குகிற பச்சைத் துணி. சந்தேகம் வந்தவளை அதற்குப் பின்னால் கூட்டிப்போய் முழுசாகச் சோதிப்பார்கள். எனக்குத் தெரியாதா அந்தத் திரை. எனக்கு அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"தெரியும். நானும் போயிருக்கேன். ஞாபகம் இருக்கா, இல்ல அதுவும் கூட்டத்துல ஒண்ணா?"

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு வரிசையில நின்னேன். நீ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனே. கொண்டையை அவுக்கச் சொன்னே. செருப்பைக் கழட்டச் சொன்னே. அத்தனை பேரும் வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணுமில்லேன்னதும் 'போ'ன்னு ஒரு வார்த்தை சொன்னே. அவ்வளவுதான்."

"உன் கண்ணு கடிகாரத்துலயே இருந்துது" என்றாள் மெதுவாக.

"என் பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுல தனியா விட்டுட்டு வந்திருந்தேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே!"

அவள் கை நின்றது. "சொன்னே" என்றாள். "வாசல்ல எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. நான் காதுல போட்டுக்கறதில்ல."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆனால் அழவில்லை, கத்தினேன். "மறுநாள் நான் என்ன பண்ணினேன் தெரியுமா உனக்கு? ஐயோ என்னைச் சந்தேகப்பட்டுட்டாங்களேன்னு வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கல. காலையில எழுந்து வேலைக்கு வந்தேன். சாயங்காலம் உன் முன்னாலயே வந்து பையைத் திறந்து காட்டினேன். அதுக்கு மறுநாளும் காட்டினேன். நான் மட்டுமா? நீ திரைக்குப் பின்னால இழுத்துட்டுப் போன ஒவ்வொருத்தியும் அடுத்த நாள் அதே வாசல் வழியாத்தான் வந்தா. எங்களுக்கெல்லாம் ரோஷம் இல்லாமலா? பொழப்பு வேணும்க்கா. உன்னை ஒரே ஒரு தடவை ஒருத்தன் சந்தேகப்பட்டான். அதுவும் மரியாதையா, மேடம் மேடம்னு கூப்பிட்டு. அதுக்கே சுருண்டு படுத்துட்டியா? எந்திரி. போய் மறுபடி பையைத் திறந்து காட்டு."

வேன்காரர் வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பிப் போனார். அக்கா என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த ரகமே இல்லை அவள். வெங்காயத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள், அரிசி டின்னைத் திறந்து போனை எடுத்தாள். மாவும் தூசியுமாக இருந்ததைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "கண்ணு எரியுது. எங்க அழுத்தணும்னு பாத்துச் சொல்லு."

பரீட்சை வரைக்கும் கணக்கை விடக் கண்ணுக்குத்தான் பயிற்சி. அவள் வீட்டில் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டோம். வாசல் அவள் முதுகுக்குப் பின்னால். முதல் நாள் அப்படி உட்கார்ந்தபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நான் வேண்டுமென்றே கதவைத் திறப்பேன், தட்டைப் போடுவேன், யாரோ வந்த மாதிரி "வாங்க வாங்க" என்பேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுவாள். "திரும்பாதேக்கா!" என்றால், "நீ என்ன எடுக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். "என்ன இருக்கு உன் வீட்டுல எடுக்கறதுக்கு?" என்று எரிந்து விழுவேன். திட்டித் திட்டி ஒருவழியாகப் பாதி நேரம் திரும்பாமல் உட்காரப் பழகினாள். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில், பரீட்சையின்போது நான் வெளியே கதவருகில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பது என்று முடிவாயிற்று. அதுவும் அவள் யோசித்து யோசித்துச் சம்மதித்தது. என்னை விட்டால் யார் என்று வெகுநேரம் பார்த்தாள், யாரும் அகப்படவில்லை.

பரீட்சை அன்று, தாழ் போட்டுக்கொண்டாள் என்று யாரும் சந்தேகப்படக் கூடாதாம், கதவைச் சும்மா சாத்தினாள்; மேசையில் தாளைத் தவிர எதுவும் இருக்கக் கூடாதென்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். மேற்பார்வைக்குத் திரையில் வந்தது ஒரு பெண். ஜன்னல் இடுக்கு வழியாக எனக்குக் குரல் கேட்டது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். அக்கா காட்டினாள். கையை விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினாள். காதைக் காட்டுங்க, முடியை ஒதுக்குங்க, கண்ணாடியைக் கழட்டிக் கேமராகிட்ட கொண்டு வாங்க, மேசைக்குக் கீழே காட்டுங்க. எல்லாவற்றையும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் செய்தாள். "சரி, ஆரம்பிக்கலாம்மா" என்றது குரல்.

"டிராயரைப் பாக்கல நீங்க" என்றாள் அக்கா.

"பரவாயில்லம்மா."

"பரவாயில்லன்னு விட்டா அப்புறம் ஒரு பேச்சு வரும். திறந்து காட்டறேன், நல்லாப் பாருங்க."

வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேறினாளா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தேறினாள். மார்க் ஒன்றும் ஊர் மெச்சுகிற மாதிரி இல்லை, ஆனால் போதும். இயந்திரம் வந்து இறங்கியது. பெண்கள் வாசலில் அதன் திரைக்கு முன்னால் இன்றைக்கும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். நாத்தனார் பேக்கிங்கிலேயே இருக்கிறாள், அவளோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. பரீட்சை அன்று நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பாதிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாத்தனார். அண்ணனைப் பார்க்க வந்தாளாம். "அண்ணன் வண்டியோட போயிருக்காரு, அப்புறமா வா" என்றேன் மெதுவாக. அவள் வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "எங்க அண்ணன் வீட்டுக்கு நான் வர நீ யாரு? உள்ள என்ன நடக்குது, கதவைச் சாத்திக்கிட்டு?" கதவில் கையை வைத்தாள். நான் எழுந்து குறுக்கே நின்றேன். அவள் கை என் தோளை நெட்டியது. கதவு கிரீச்சென்று கொஞ்சம் திறந்தது. அந்த இடுக்கில் அக்காவின் முதுகு தெரிந்தது. கழுத்து நரம்பு விறைத்திருந்தது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தன. பேனா நின்றுவிட்டது. திரும்பினால் எல்லாம் போயிற்று.

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பேனா நகரத் தொடங்கியது. நான் கதவை இழுத்துச் சாத்தி, நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கீழ்ப்படிவரை கொண்டுபோய் விட்டேன். அவள் திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுத முடியாது. நானும் சளைக்கவில்லை. விட்டுவிட்டு ஓடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது அக்காவின் ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது. கணக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்பதற்குள் அவள் கேட்டாள்.

"அவ உள்ள வந்தாளா?"

"ஒரு அடிகூட வைக்கல."

"நீ எந்திரிச்சுப் போனியே, சத்தம் கேட்டுது."

"அவளைக் கீழ கொண்டுபோய் விடப் போனேன். உடனே வந்துட்டேன்."

"அந்த நேரத்துல வேற யாராவது?"

"யாரும் வரல."

அப்போது பார்த்து என் கண் மாடிப்படிக்குப் போய்விட்டது. என் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். படியில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சட்டென்று திருப்பிக்கொண்டேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். கேள்வி கேட்டால் கண்ணை விலக்குகிறவளை அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். என் கையில் அவள் வீட்டுச் சாவி வேறு இருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "இல்லக்கா, பிள்ளை வந்துட்டானோன்னு..."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே ஏதாவது காணாமல் போயிற்றா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"சரி" என்றாள். "நீ சொன்னா சரி."